கடையை மகனிடம் ஒப்படைத்த பின் மருத்துவக் காப்பீடு: பாலிசி மாற்றுமுன் யோசியுங்கள்

அறுபது வயதைத் தாண்டியதும் நம்மில் பலர் கல்லாப்பெட்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிடுகிறோம். அதன் பிறகு நமக்கு வருகிற பெரிய செலவு மருத்துவச் செலவுதான். பனியன் கம்பெனியில் குறைந்தது ஐந்தாண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெறும் தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தானும் மனைவியும் தொடர்ந்து இ.எஸ்.ஐ. சிகிச்சை பெறலாம். கடை முதலாளிக்கு அந்த வசதி கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கே. ஆகவே நாம் சொந்தப் பணத்தில் பாலிசி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான்கு அரசு பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986ல் கொண்டுவந்தது மெடிக்கிளைம். அந்த வகைப் பாலிசி ஒன்றை நான் 52 வயதில் எடுத்து, பதினோரு ஆண்டு விடாமல் கட்டி வந்தேன். 63 வயதில் பிரீமியம் ஏறியது. தெரிந்த ஏஜெண்ட் ஒருவர், "வேறு கம்பெனியில் பாதிப் பணம்தான், பழையதை விட்டுவிடுங்கள்" என்றார். சரக்கு வாங்கும்போது நாலு இடத்தில் விலை கேட்கிற நான், இதில் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். ஏழாம் மாதம் நெஞ்சுவலி வந்து கோவையில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தக் கொதிப்பு முன்பே இருந்த நோய், காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று கிளைம் மறுக்கப்பட்டது. புளி, மிளகாய் சீசன் கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அந்த வருடம் மகன் வட்டிக்கு வாங்கித்தான் சரக்கு போட்டான்.

என் தவறு கம்பெனி மாற்றியதல்ல, மாற்றிய விதம். 2011 அக்டோபர் 1 முதல் 'போர்ட்டபிலிட்டி' என்ற உரிமை நமக்கு உண்டு. பழைய பாலிசி நடப்பில் இருக்கும்போதே அதன் வழியாக மாறினால், பழைய இடத்தில் கழிந்த காத்திருப்பு ஆண்டுகள் புதிய இடத்திலும் கணக்கில் வரும். நான் அதைச் செய்யாமல் புதிதாக எடுத்ததால் பதினோரு வருடமும் வீணாயிற்று.

மாற விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் கொடுங்கள். புதிய கம்பெனி உடல்நிலையைப் பார்த்து மறுக்கவும் உரிமை உண்டு. ஆகவே அங்கிருந்து பாலிசி கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள். முன்பு கிளைம் வாங்கினீர்கள் என்ற காரணத்துக்காகப் பழைய கம்பெனி புதுப்பிக்க மறுக்க முடியாது.

2. தொகையை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினால், கூடுதலான 2 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

3. சர்க்கரை, கொதிப்பு எதையும் மறைக்காதீர்கள். 2024 விதிப்படி முன்நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். 60 மாதம் தொடர்ந்து கட்டியபின், மோசடி தவிர வேறு விதத்தில் நோயைச் சொல்லவில்லை என்று கிளைமை மறுக்க முடியாது.

4. அறை வாடகை வரம்பைப் பாருங்கள். நாளுக்கு 3,000 என்றிருக்க 6,000 ரூபாய் அறையில் படுத்தால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் பாதியாக வெட்டப்படலாம்.

5. மூத்தோர் பாலிசி பலவற்றில் 'கோ-பே' உண்டு. 20 சதவீதம் என்றால் 4 லட்ச ரூபாய் பில்லில் 80,000 நம் கையிலிருந்து போகும். பிரீமியம் குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இந்த வரிகளில்தான் இருக்கும்.

6. மகனின் கம்பெனி பாலிசியில் நம் பெயர் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அவன் வேலை மாறினால் அது போய்விடும்.

நல்ல மாற்றங்களும் வந்துள்ளன. 2024 ஏப்ரல் முதல், 65 வயதுக்கு மேல் பாலிசி இல்லை என்ற தடை நீங்கியது. மூத்தோர் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தே செய்ய வேண்டும் என 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. கிளைம் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம். வக்கீல் தேவையில்லை.

புதுக்கணக்குப் போடும் நாளில், பேரேட்டின் முதல் பக்கத்தில் பாலிசி எண்ணையும் புதுப்பிக்கும் தேதியையும் எழுதி வையுங்கள். வீட்டில் மனைவிக்கும் மகனுக்கும் அது தெரிந்திருக்கட்டும். நான் கொடுத்த விலையை நம் சங்கத்து உறுப்பினர் வேறு யாரும் கொடுக்க வேண்டாம்.