கட்டடத்தின் நாடி பார்ப்பவர்கள்

1995ஆம் ஆண்டு ஜூன் 29. தென்கொரியாவின் தலைநகரான சியோலில் சாம்பூங் என்னும் ஐந்து மாடிப் பல்பொருள் அங்காடி வழக்கம்போலத் திறந்தது. அதன் மேல்மாடிக் கூரையில் ஏப்ரல் மாதமே விரிசல்கள் தோன்றியிருந்தன. அன்று காலை அவை மேலும் அகன்றுவிடவே, ஐந்தாம் மாடியை மட்டும் மூடினார்கள். பொறியாளர்களை வரவழைத்துக் காட்டினார்கள். கட்டடம் இடிந்து விழக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். ஆயினும் கீழ்மாடிகளில் வியாபாரம் நிற்கவில்லை. மாலை 5.52 மணி அளவில் கூரை சரிந்தது. அடுத்த இருபது வினாடிகளுக்குள் கட்டடத்தின் தென்பகுதி முழுவதும் அடித்தளம் வரை நொறுங்கி வீழ்ந்தது. 502 பேர் மாண்டனர். 900க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

அன்று சியோலில் நிலநடுக்கம் இல்லை, புயலும் இல்லை. கட்டடம் தன் நோயைச் சில மாதங்களாகவே வெளியே காட்டிக்கொண்டிருந்தது. நோயின் அறிகுறி கண்ணுக்குத் தெரிந்தும் சிகிச்சை நடக்கவில்லை.

மனிதருக்கு மருத்துவர் இருப்பதுபோல் கட்டடங்களுக்கும் உடல்நலம் பார்ப்போர் இருக்கிறார்கள். பிரிட்டனில் இத்தகைய அளவையாளர்களுக்கென்று 1868இலேயே ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. நம் நாட்டில் கட்டமைப்புப் பொறியாளர்கள் இப்பணியைச் செய்கிறார்கள். இவர்கள் கையாளும் கருவிகள் பல, நீங்கள் பள்ளியில் படிக்கும் பெளதிகத்தையும் வேதியியலையும் நம்பியே இயங்குகின்றன.

முதற்கருவி கண்தான். பூச்சின்மேல் சிலந்திவலைபோல் ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் தீங்கற்றது. சிமெண்டுப் பூச்சு உலரும்போது சுருங்குவதால் வருவது அது. சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு ஏறும் விரிசல் வேறு வகை. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட அதிகமாக இறங்கியிருக்கிறது என்று அது சொல்லும். மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இது பழக்கமான காட்சி. தூணிலோ உத்தரத்திலோ கம்பி போகும் திசையிலேயே நேராக ஒரு விரிசல் ஓடி, அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் படிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. அந்த நெருக்கலில் கான்கிரீட் உடைகிறது.

ஒரு விரிசல் உறங்குகிறதா, வளர்கிறதா என்று எப்படி அறிவது? முற்காலத்தில் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பார்கள். விரிசல் சற்று அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். எவ்வளவு அசைந்தது என்பதை மட்டும் அது சொல்லாது. இன்று கட்டம் வரைந்த ஒரு தகட்டின்மேல், குறுக்குக் கோடிட்ட ஒளிபுகும் தகடு நகரும்படி பொருத்துகிறார்கள். கோடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று மாதந்தோறும் குறித்து வந்தால் போதும்.

இங்கே வெப்ப விரிவை மறந்துவிடக் கூடாது. கான்கிரீட்டின் நீள் விரிவுக் குணகம் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000011. பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு தளம் மார்கழி விடியலுக்கும் சித்திரை நண்பகலுக்கும் இடையே 20 டிகிரி சூடேறினால் 10 × 0.000011 × 20 = 0.0022 மீட்டர், அதாவது 2 மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். எனவே விரிசல் பருவத்துக்கேற்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் பதற வேண்டியதில்லை. மூடாமல் ஒரே போக்காகத் திறந்துகொண்டே போவதுதான் ஆபத்து. (இரும்பின் விரிவுக் குணகமும் கான்கிரீட்டினுடையதை ஒட்டியே இருப்பது மனிதருக்கு வாய்த்த பெரும் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கம்பி வைத்த கான்கிரீட் என்ற பொருளே நிலைத்திராது.)

கண்ணுக்கு எட்டாத உட்புறத்தைப் பார்க்க ஒலி உதவுகிறது. கொத்தனார் பூச்சைத் தட்டிப் பார்த்து, 'பொத்' என்று கேட்டால் உள்ளே பொள்ளல் என்பார். அதன் நுட்பமான வடிவமே மீயொலிச் சோதனை. மனிதச் செவிக்குக் கேளாத, வினாடிக்கு ஏறக்குறைய 54,000 அதிர்வுகள் கொண்ட அலையைத் தூணின் ஒரு முகத்திலிருந்து செலுத்தி, எதிர் முகத்தில் பெறுகிறார்கள். 30 சென்டிமீட்டர் தடிப்புள்ள தூணை அலை 70 மைக்ரோ வினாடியில் கடந்தால் அதன் வேகம் வினாடிக்கு 4.3 கிலோமீட்டர். இது நல்ல கான்கிரீட். அதே தூணில் வேறோர் இடத்தில் 110 மைக்ரோ வினாடி எடுத்தால் வேகம் 2.7 கிலோமீட்டர்தான். உள்ளே வெடிப்போ காற்றுப் பொந்தோ இருக்கிறது, அலை அதைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அந்தக் கான்கிரீட் சந்தேகத்துக்குரியது என்பது நெடுநாளாகக் கையாளப்படும் அளவுகோல்.

ஷ்மிட் சுத்தி என்று இன்னொரு கருவி உண்டு. வில்லின் விசையால் ஓர் எஃகுக் குண்டு தூணின்மேல் மோதித் துள்ளும். கடினமான பரப்பில் அதிகம் துள்ளும், மெத்தென்ற பரப்பில் குறைவாகத் துள்ளும். கையாள எளிது, ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அது மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே சொல்கிறது. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகிவிடுவதால், நோயாளி ஆரோக்கியமாக இருப்பதுபோல் கருவி பொய் சொல்லக்கூடும்.

அந்தக் கரியமில வாயு செய்யும் இன்னொரு வேலை மேலும் முக்கியமானது. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அதன் பி.எச். மதிப்பு 12க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின்மேல் ஒரு காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. கரியமில வாயு உள்ளே நுழைந்து சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்ற மாற்றக் காரம் குறைகிறது, காப்பும் போகிறது. வாயு எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? உங்கள் ஆய்வகத்து பினாப்தலீன் போதும். புதிதாக உடைத்த பரப்பில் தெளித்தால் காரமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். இந்த ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப வளர்கிறது. 9 ஆண்டில் 10 மில்லிமீட்டர் சென்றால் 36 ஆண்டில் 20 மில்லிமீட்டர். கம்பியின்மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட்தான் மூடியிருக்கிறது என்றால், கம்பிக்கு எப்போது கண்டம் என்று நீங்களே கணக்கிடலாம்.

துரு உண்மையிலேயே தொடங்கிவிட்டதா என்பதை மின்னழுத்தம் காட்டும். மயில்துத்தக் கரைசலில் நிற்கும் செப்புத் தண்டை, நுண்துளை அடைப்பின் வழியே ஈரமாக்கிய கான்கிரீட்டின்மேல் வைத்து, வோல்ட்மீட்டரின் மறுமுனையைக் கம்பியோடு இணைக்கிறார்கள். டேனியல் மின்கலத்தில் பாதியைச் சுமந்துகொண்டு தளமெங்கும் நடப்பது போன்றதுதான் இது. அளவு −350 மில்லிவோல்ட்டைவிடவும் கீழே போனால் அவ்விடத்தில் துரு இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

இனி சாம்பூங்குக்குத் திரும்புவோம். அக்கட்டடத்தில் உத்தரங்கள் இல்லை. தளம் நேராகத் தூண்களின்மேல் உட்கார்ந்திருந்தது. இத்தகைய தளத்தைத் தூண் குத்திக்கொண்டு வெளிவரக்கூடும். ஒரு செய்தித்தாளை இழுத்துப் பிடித்துக் கீழிருந்து தம்ளரின் அடியால் அழுத்திப் பாருங்கள். பிறகு பென்சிலால் அழுத்துங்கள். விசை ஒன்றேயானாலும், தாங்கும் சுற்றளவு குறையக் குறையக் கிழிவது எளிதாகிறது. 80 சென்டிமீட்டர் இருக்கவேண்டிய தூண்கள் 60 சென்டிமீட்டரே இருந்தன என்று பின்னர் தெரியவந்தது. முதலில் திட்டமிடப்படாத ஐந்தாம் மாடியில் உணவகங்கள் வந்தன. கூரைமேல் ஒவ்வொன்றும் சுமார் 15 டன் எடையுள்ள மூன்று குளிர்பதன இயந்திரங்கள். அக்கம்பக்கத்தார் இரைச்சலைப் பற்றிக் குறைகூறவே, 1993இல் அவற்றைப் பாரந்தூக்கியால் எடுத்து வைக்காமல் கூரையின்மேலேயே உருட்டி இடம் மாற்றினார்கள். உருண்டுபோன பாதையில் தளம் வெடித்தது. பிறகு அவை ஓடும்போதெல்லாம் எழுந்த அதிர்வு அந்த வெடிப்பை அகலப்படுத்தியது. ஒரு தூண் தளத்தைத் துளைத்தவுடன் அதன் சுமை அடுத்த தூணுக்குப் போயிற்று. அதுவும் தாங்கவில்லை.

நம் ஊர்ச் சட்டங்கள் இதைப்பற்றி என்ன சொல்கின்றன? மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களைப் பொறியாளரிடம் காட்டி உறுதிச் சான்று பெற வேண்டும் என்பது 2009 முதல் விதி. தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி, விடுதி போன்ற பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1965லேயே வந்துவிட்டது. உரிமத்துக்குப் பொறியாளரின் உறுதிச் சான்றும் தேவை. ஆயினும் 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து, பழுதானவற்றை இடித்தார்கள். சான்று வாங்கும் நாளுக்கு முன்பு விரிசலின்மேல் சுண்ணாம்பு அடித்து மறைப்பதை நானே கண்டிருக்கிறேன். மருத்துவரிடம் போகுமுன் புண்ணுக்குப் பவுடர் பூசுவதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு விரிசல் இருந்தால், பெரியவர்களின் அனுமதியோடு அதன் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு ஆணி அடித்துவையுங்கள். வெர்னியர் அளவியால் ஆணிகளுக்கிடையே உள்ள தூரத்தை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் அளந்து, அன்றைய வெப்பநிலையுடன் நோட்டில் குறியுங்கள். ஓராண்டு எழுதியபின் வரைபடம் போட்டுப் பாருங்கள். கோடு வெப்பநிலையோடு ஏறி இறங்குகிறதா, அல்லது மேலேயே போகிறதா? மேலேயே போனால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல், நோட்டைத் தலைமையாசிரியரிடம் காட்டி, ஒரு பொறியாளரை வரவழைக்கச் சொல்லுங்கள்.