ஆழ்வாருக்குக் குடும்பப் பெயர் உண்டா?

திருமழிசையாழ்வாரின் குடும்பப் பெயர் என்ன? நான்முகன் திருவந்தாதியையோ திருச்சந்த விருத்தத்தையோ ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட முனைபவரிடம் மேற்கோள் மேலாண்மை மென்பொருள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆழ்வார் அவதரித்த ஊரிலேயே போய் விசாரித்தாலும் விடை கிடைக்காது.

படித்த நூல், கட்டுரை விவரங்களைச் சேமித்து வைத்து, எழுதும்போது வேண்டிய இடத்தில் மேற்கோளைச் செருகி, கடைசியில் துணைநூற்பட்டியலையும் தானே போட்டுத் தருவது இந்த மென்பொருள்களின் வேலை. ஏபிஏ மேற்கோள் முறையில் தயாரித்ததை நெறியாளர் எம்எல்ஏ முறைக்கு மாற்றச் சொன்னால், முந்நூறு நூல்களையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? எண்ட்நோட் பழையது, வசதிகள் நிறைந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். மெண்டலே இலவசம். 2013இல் எல்செவியர் நிறுவனம் அதை வாங்கியது. 2022இல் பழைய டெஸ்க்டாப் பதிப்பைப் புதிதாகத் தரவிறக்க முடியாமல் போனது. சோட்டெரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச, திறமூல மென்பொருள். இணையத்தில் கோப்பு வைக்க அது இலவசமாகத் தரும் இடம் 300 எம்பி மட்டுமே. ஸ்கேன் செய்த பழைய உரைநூல்கள் சிலவற்றிலேயே அது நிரம்பிவிடும். ஆனால் கோப்புகளைச் சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுப்பாடு குறுக்கே வராது.

அந்தப் பெங்களூரு நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரி மாணவருக்கு எதை எடுத்தாலும் பெரிய சிரமமில்லை. ஆங்கிலக் கட்டுரையின் டிஓஐ எண்ணைக் கொடுத்தால் விவரமெல்லாம் தானே வந்து விழும். லாடெக்கில் எழுதுபவருக்கு ஜாப்ரெஃப் போதும். சோதனை தமிழில் ஆய்வு செய்பவருக்குத்தான். பழைய தமிழ் நூலுக்கு டிஓஐயும் கிடையாது, ஐஎஸ்பிஎன்னும் கிடையாது. எல்லாவற்றையும் கையால்தான் உள்ளிட வேண்டும்.

அங்கேதான் பெயர்ச் சிக்கல். உ.வே. சாமிநாதையரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘சுவாமிநாத ஐயர், யு.வி.’ என்று உள்ளிடுவார்; இன்னொருவர் ‘ஐயர், யு.வி. சுவாமிநாத’ என்பார். பட்டியலில் தமிழ்த் தாத்தா இரண்டு பேராகிவிடுவார். வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் தப்பித்தார்: சுப்ரமணியன் என்பது தந்தை பெயர், அது முன்னால் நிற்பதால் ‘சந்திரசேகர், எஸ்.’ என்று சரியாகவே வருகிறது. இன்று இனிஷியலை விரித்துப் பெயருக்குப் பின்னால் போடும் மாணவியின் கட்டுரையோ அப்பா பெயரில் மேற்கோளாகிறது!

சோட்டெரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் குடும்பப் பெயர், இயற்பெயர் என்ற இரண்டு கட்டங்களும் ஒன்றாகிவிடும். ‘திருமழிசையாழ்வார்’ என்று முழுசாக எழுதலாம், உடையாது. தமிழ் இலக்கிய ஆய்வாளருக்கு இந்த ஒரு வசதிக்காகவே அதைப் பரிந்துரைக்கலாம். சேர்த்த தரவை ஆர்ஐஎஸ், பிப்டெக் வடிவங்களில் வெளியே எடுக்கவும் முடியும் என்பதால், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது.

ஆண்டு விஷயத்தில் எந்த மென்பொருளும் கைகொடுக்காது. ‘சர்வசித்து’ என்று தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் அச்சிட்ட நூல் 1887ஆம் ஆண்டினதா, 1947ஆம் ஆண்டினதா என்பதைத் தாளையும் அச்சகத்தையும் பார்த்து ஆய்வாளரே முடிவு செய்ய வேண்டும். பிறகு தேதிக் கட்டத்தில் ஆங்கில ஆண்டைப் போட்டு, தமிழ் ஆண்டுப் பெயரைக் குறிப்புப் பகுதியில் எழுதி வைக்கலாம்.