சர்க்கார் டெண்டரும் பெயர்ப் பதிவும்



தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவதை அறிவீர்கள். அவர்களுள் ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, அலுவலகங்களுக்குத் துடைப்பம், பினாயில் முதலியன வழங்கிவரும் சிறு வணிகர், ஒருநாள் மாலை ஒரு கடிதத்துடன் நம் இல்லம் வந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெண்டர் திறந்தபோது, எல்லார் முன்னிலையிலும் படிக்கப்பட்ட விலைகளுள் அவர் குறித்ததே மிகக் குறைவு. ஆயினும், டெண்டர் திறந்த நாளில் அவருடைய பதிவு நடைமுறையில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது தள்ளப்பட்டது. பதிவுக் காலம் முடிந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. புதுப்பிக்க மனுக் கொடுத்த ரசீதும் அவர் கையில் இருந்தது.

“ஒன்பது நாளுக்காக நாலு பேர் சம்பளம் போச்சே, ஐயா! கோர்ட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் விளக்க விரும்புகிறோம்.

அரசாங்கத்துக்குச் சரக்கு வழங்குவோரின் தகுதியை முன்கூட்டியே ஆராய்ந்து பட்டியலில் சேர்ப்பதே பதிவு. மைய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, இப்பதிவு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையான காலத்துக்கே உரியது. அக்காலம் முடிந்ததும், தொடர விரும்புகிறவர் மீண்டும் மனுச் செய்ய வேண்டும். தேசியச் சிறுதொழில் கழகம் தரும் பதிவுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. சிறுதொழில் செய்வோர் பெற்றிருந்த பழைய உத்யோக் ஆதார்ச் சான்று 2022 ஜூன் 30-ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் இடத்தில் உத்யம் பதிவு வந்துவிட்டது. முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்து விலக்குப் பெறுவதற்கு அச்சான்று பயன்படுவதால், மாறத் தவறியவர்க்கு இழப்பு சிறிதன்று.

ஒன்பது நாளைப் பொறுத்துக்கொண்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று தோன்றலாம். ஆனால் டெண்டர் என்பது எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓடும் பந்தயம். ஒருவரை மட்டும் ஓரடி முன்னே நிறுத்தினால், மற்றவர்க்கு அது அநீதி. மேற்கு வங்க மின்வாரியம் புருலியா நீரேற்று மின்திட்டத்துக்குக் கோரிய டெண்டரில், ஒரு நிறுவனம் தன் விலைப் பட்டியலில் நேர்ந்த பிழைகளைத் திருத்த அனுமதி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தன் கவனக்குறைவால் நேர்ந்த பிழைக்கு விதியைத் தளர்த்தக் கூடாது என்று 2001 ஜனவரியில் தீர்ப்பாயிற்று.

அப்படியாயின் சிறு குறை எதற்கும் மன்னிப்பே இல்லையா? உண்டு. விதிகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நாம், இரண்டு விகுதிகளை எப்போதும் எச்சரிக்கையோடு கையாள்கிறோம். ‘செய்ய வேண்டும்’ என்பது வேறு. ‘செய்யலாம்’ என்பது வேறு. ‘வேண்டும்’ என்று இருந்தாலும், அது டெண்டரின் உயிர்நிலையான நிபந்தனையா, நடைமுறை வசதிக்கான துணை நிபந்தனையா என்று நீதிமன்றம் பார்க்கும். வாரணாசி டீசல் ரயில் எஞ்சின் தொழிற்சாலையின் டெண்டரில், ஒரு நிறுவனம் குறித்த வங்கியை விட்டு வேறு வங்கியின் உறுதி பெற்ற காசோலையைக் கொடுத்தது. பணம் பத்திரமாகவே இருந்ததால், இது துணை நிபந்தனை. அதிகாரி இதனைத் தளர்த்தலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தகுதியைக் குறிக்கும் பதிவை அவ்வாறு துணை நிபந்தனையாகக் காட்டுவது எளிதன்று.

பதிவு முடிவுறுவது வேறு. அரசாங்கமே ஒருவரை விலக்கி வைப்பது வேறு. முன்னது நாள் வந்ததும் தானே நிகழ்வது. பின்னது ஒரு தண்டனை. மேற்கு வங்க அரசு எதிர்வாதியாக நின்ற எருசியன் நிறுவன வழக்கில், ஒருவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்குமுன் அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1974-இல் தீர்ப்பாயிற்று. உங்கள் பெயர் பட்டியலில் இல்லையெனில், இவ்விரண்டில் எது நேர்ந்தது என்பதை முதலில் தெளிந்துகொள்க.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. நம்மைத் தள்ளிய அதே குறைக்காக இன்னொருவரை ஏற்றுக்கொண்டால் என்ன செய்வது? பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் டெண்டருக்கு, ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரரே தகுதியுடையவர் என்று அறிவித்தார்கள். ஒப்பந்தமோ அத்தகுதி இல்லாதவருக்குப் போயிற்று. தான் விதித்த அளவுகோலை அரசாங்கமே மீறக் கூடாது என்று ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயினும் வழக்காடியவர்க்குப் பரிகாரம் கிட்டவில்லை. ஐந்து மாதங்களுக்கு மேல் காத்திருந்து அவர் வந்தார். அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் பணத்தைச் செலவிட்டிருந்தார். நியாயம் நம் பக்கம் இருந்தாலும், நாள் நம் பக்கம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே தொல்லை உண்டு. டெண்டர் கொடுத்த நாள் முதல் ஒப்பந்தம் ஆகும் வரை பதிவு ஒரு நாளும் அறுபடலாகாது என்று இருந்த விதியால் பல நிறுவனங்கள் வாய்ப்பிழந்தன. 2024 நவம்பரில் அதைத் திருத்தினார்கள். டெண்டர் கொடுக்கும் நாளிலும், ஒப்பந்தம் ஆகும் நாளிலும் பதிவு இருந்தால் இப்போது போதும். விதி கடுமையென்றால் எல்லார்க்குமாக மாற்ற வேண்டுமேயன்றி, ஒருவர்க்காக வளைத்தல் முறையன்று.

இனி, நீங்கள் செய்யத்தக்கவை. பதிவு முடியும் நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து, இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே புதுப்பிக்க மனுச் செய்க. ரசீது பதிவாகாது, புதுப்பித்த ஆணை கைக்கு வரும் வரை விடாது கேட்டு வருக. எந்த நாளில் பதிவு நடைமுறையில் இருக்க வேண்டும் என்பதை டெண்டர்ப் படிவத்தில் தேடிப் படிக்க. ஐயமிருந்தால் டெண்டர் கொடுக்குமுன்பே எழுத்து மூலம் கேட்க. தள்ளப்பட்டால் காரணத்தைக் கேட்டறியப் பொது நிதி விதிகள் உரிமை தருகின்றன. தமிழ்நாட்டு அரசின் டெண்டராயின், 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, ஆணை கிடைத்த பத்து நாட்களுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றம் கடைசிப் படியே.

நம் நண்பரின் படிவத்தைப் பிரித்துப் பார்த்தோம். டெண்டர் திறக்கும் நாளில் பதிவு நடைமுறையில் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது. வழக்கு வேண்டாம் என்றோம், ஆனால் ஒரு கேள்வியை உடனே எழுதிக் கேட்கச் சொன்னோம்: “பதிவு முடிந்த வேறெவரேனும் ஏற்றுக்கொள்ளப்பட்டனரா?” மூன்று வாரத்தில் விடை வந்தது. அதே குறைக்காக வேறிருவரும் தள்ளப்பட்டிருந்தனர்.

அக்கடிதத்தை அவர் இருமுறை படித்தார். “எனக்கு மட்டும் இல்லையென்றால் சரிதான்” என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த பதிவு முடியும் நாள் இப்போது அவர் கடைச் சுவரில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது.