விழுந்த குஞ்சை மேலே ஏற்றுங்கள்

எலி இருக்கும் இடம் தேடிக் கூகை என்னும் ஆந்தை வரும். ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் கிடங்கின் உத்தரமும் தகரக் கூரைக்கு அடியிலுள்ள இரும்புச் சட்டமும் அதற்குப் போதும். குச்சி அடுக்கிக் கூடு கட்டும் வழக்கம் அதற்கில்லை. வெறும் தளத்திலேயே முட்டையிடும். நான்கு முதல் ஏழு முட்டைகள், இரண்டு மூன்று நாள் இடைவெளியில். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு வாரம்கூட வயது வித்தியாசம் இருக்கும். இரைக்கு முண்டியடிக்கும்போது சிறியது விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுகிறது.

கண்டெடுப்பவர்கள் இரக்கத்தோடுதான் பாலும் ரொட்டியும் ஊட்டுகிறார்கள். இரண்டுமே அதற்கு ஆகாது. ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய் உயிரையே வாங்கும். கூகைக்கு வேண்டிய ஈரம் இரையிலேயே இருக்கிறது.

“தரையிலேயே விடுங்கள், தாய் வந்து பார்த்துக்கொள்ளும்” என்பது கூகை விஷயத்தில் ஆபத்தான யோசனை. தரையில் கிடக்கும் குஞ்சுக்குத் தாய் இரை கொடுப்பதில்லை. அது பழைய இடத்துக்கே ஏறியாக வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான், தயங்காமல் தூக்கலாம். தடித்த துணியால் போர்த்தி எடுத்து, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் வையுங்கள். இரத்தமோ தொங்கும் இறக்கையோ இல்லையென்றால், பொழுது சாயும் முன் ஏணி வைத்து ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள். உயரமான சட்டமென்றால் தீயணைப்புத் துறையை உதவிக்கு அழைக்கலாம்.

மாந்தோப்பிலும் சாலையோரப் புளியமரப் பொந்திலும் வாழும் புள்ளி ஆந்தைக்கு வேறு வழி உண்டு. மரமே வெட்டப்பட்டிருந்தால், பக்கத்து மரத்தில் கூடையோ மரப்பெட்டியோ கட்டிக் குஞ்சை அதில் வைக்க வேண்டும். அதன் குரல் கேட்டுத் தாய் தேடி வரும்.

காயம்பட்ட குஞ்சை ஓசூரிலிருந்து பெங்களூருக்கு எடுத்துப்போகலாம் என்று பலருக்கும் தோன்றும். ஆனால் ஆந்தைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வளர்ப்பது குற்றம், மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோக வனத்துறை அனுமதி வேண்டும். ஆகவே முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாந்திரீகத்துக்காக, அதிலும் தீபாவளியை ஒட்டி, ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; குஞ்சு கிடைத்த செய்தியை இடத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம்.

ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரையைப் பழுதுபார்க்கும் முன் கூகைக் குடும்பம் உண்டா என்று பாருங்கள். பொரிந்த குஞ்சு பறக்க இரண்டு மாதம் ஆகும். அதுவரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.