போன் செத்துப்போனால் சாவி எங்கே?

கோவில்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே உடைந்தது, சார்ஜ் ஏறாதது, கிணற்றடியில் தண்ணீருக்குள் விழுந்தது எல்லாம் என் மேசைக்கு வரும். முன்பு "போட்டோவெல்லாம் கிடைச்சிருமா அண்ணாச்சி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இப்போது, "மெயிலுக்குள்ள போக முடியல அண்ணாச்சி, கோடு இந்த போன்லதான் வரும்" என்கிறார்கள். போர்டு போன போனில் கோடு எங்கிருந்து வரும்?

பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு அடுக்கும் போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் போன் கெட்டுப்போன அன்றைக்கு எப்படி உள்ளே போவது என்பதைப் போடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அதைத்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. ஏடிஎம்மில் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அடிக்கிறோமே, அதுவே இரண்டு அடுக்குதான். கார்டைத் திருடியவனுக்கு எண் தெரியாது. எண்ணை எட்டிப் பார்த்தவன் கையில் கார்டு இருக்காது. 2009 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கட்டும்போதும் கார்டில் அச்சிடாத இன்னொரு தகவலைக் கேட்டே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. இன்று கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரைக்கும் கோடு கேட்கிறார்.

பணத்துக்கு இவ்வளவு காவல் வைத்திருக்கிறவர்கள் மெயிலைத் திறந்து போட்டிருக்கிறார்கள். "என் மெயில்ல என்ன இருக்கு, வெறும் விளம்பரம்" என்பார்கள். மற்ற கணக்குகளில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புது பாஸ்வேர்டுக்கான வழி பெரும்பாலும் அந்த மெயிலுக்குத்தானே வருகிறது? மெயில் ஒருவன் கையில் போனால் மற்றதெல்லாம் பின்னாலேயே போகும். அதனால் முதலில் மெயில், மற்றது பிறகு.

பெரிய கம்பெனிகளும் இதில் கோட்டை விட்டிருக்கின்றன. அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பகுதிக்குப் பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைன் நிறுவனம் 2021 மே மாதம் குழாயையே மூட வேண்டி வந்தது. வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழைய வைத்திருந்த, யாரும் பயன்படுத்தாத பழைய விபிஎன் கணக்கு ஒன்று திறந்தே கிடந்தது. அதன் பாஸ்வேர்டு வெளியாள் கைக்குப் போயிருந்தது. இரண்டாம் அடுக்கு கிடையாது. உள்ளே நுழைந்து கம்ப்யூட்டர்களை முடக்கி மிரட்டியவர்களுக்கு 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், அழுதார்கள்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் அது உங்கள் போனுக்கு வருவதில்லை, உங்கள் நம்பருக்கு வருகிறது. போலி ஆவணம் காட்டி அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரை நடத்திக்கொண்டிருந்த ஜாக் டார்சியின் கணக்கே, அவருடைய நம்பரை இப்படிக் கைப்பற்றித்தான் திருடப்பட்டது. இதற்காகவே நம் நாட்டில் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. "புது சிம் போட்டேன், ஓடிபி வரல" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். காரணமே இல்லாமல் சிக்னல் முழுதும் போய்விட்டால், ரிப்பேர் என்று கடைக்கு ஓடி வருவதற்கு முன் வேறொரு போனிலிருந்து சிம் கம்பெனிக்குப் பேசுங்கள்.

இதைவிட நல்லது ஆத்தென்டிகேட்டர் ஆப். கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் இலவசமாகவே தருகின்றன. கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கும். அதில் ஆத்தென்டிகேட்டரைத் தேர்ந்தெடுத்தால் திரையில் ஒரு க்யூஆர் கட்டம் வரும். ஆப்பைத் திறந்து அதை ஸ்கேன் செய்து, ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணை அங்கே அடித்தால் வேலை முடிந்தது. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது நீளமான ஒரு ரகசியக் குறியீடு. அது உங்கள் போனிலும் இருக்கும், கூகுளிடமும் இருக்கும். இரண்டு பக்கமும் அந்த ரகசியத்தையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. 30 விநாடிக்கு ஒருமுறை விடை மாறும். சிம் வேண்டாம், நெட் வேண்டாம், ஏரோப்ளேன் மோடில் போட்டாலும் எண் ஓடிக்கொண்டிருக்கும்.

மணி மட்டும் சரியாக இருக்க வேண்டும். காலேஜ் பையன் ஒருவன், எந்தக் கோடு போட்டாலும் தவறு என்கிறது என்று வந்தான். பார்த்தால், கேமில் சீக்கிரம் உயிர் கிடைக்க வேண்டும் என்று போனின் மணியை முன்னே தள்ளி வைத்திருக்கிறான். ஆட்டோமேட்டிக் டைமை ஆன் செய்தேன், அடுத்த கோடை ஏற்றுக்கொண்டது. அதற்குக் காசு வாங்கவில்லை.

இனிதான் முக்கியமான இடம். இரண்டாம் அடுக்கைப் போடும் அதே பக்கத்தில் பேக்கப் கோட்ஸ் என்று இருக்கும். கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். போன் இல்லாத நாளில் இந்த எண்தான் உங்களை உள்ளே விடும். நம் ஆட்கள் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைக்கிறார்கள்! டூப்ளிகேட் சாவியை வீட்டுக்குள் வைத்து வீட்டைப் பூட்டிய மாதிரிதான். காகிதத்தில் எழுதி, பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கிற பையில் வையுங்கள். முடிந்தால் அந்த க்யூஆர் கட்டத்தை வீட்டில் நம்பிக்கையான இன்னொருவர் போனிலும் அப்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். இரண்டு போனிலும் ஒரே எண் ஓடும்.

புது போன் வாங்கினால், பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் உள்ள கணக்குகளைப் புது போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆப்பை அழித்தால் இரண்டாம் அடுக்கும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அது கணக்கில் அப்படியே இருக்கும், கோடு மட்டும் உங்களிடம் இருக்காது.

வாட்ஸ்அப்புக்குத் தனியாகப் போட வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், ஆறு இலக்க பின். கூடவே மெயில் முகவரியும் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் பின்னையும் மறந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும். "அக்கா, தெரியாம உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருச்சு, கொஞ்சம் அனுப்புங்க" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்டாலும் அனுப்பாதீர்கள். அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கெனவே போயிருக்கலாம்.

நாமே வாயால் சொல்லிவிட்டாலோ, விரலால் அழுத்திவிட்டாலோ எந்த அடுக்கும் நிற்காது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஒருவருக்கு 'நீங்கள்தானா?' என்ற அறிவிப்பு விடாமல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தடவை 'ஆம்' என்று அழுத்திவிட்டார், திருடன் உள்ளே. போலி இணையதளத்தில் ஆப் கோடை அடித்தாலும் இதே கதிதான். பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையோ போன் லாக்கோ போட்டு நுழைகிற பாஸ்கீ என்று இப்போது வருகிறதே, அது தன்னை உருவாக்கிய தளத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது. உங்கள் கணக்கில் அந்த வசதி இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. போனை வாங்கியதும் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, பெயர், பழுது, பேட்டர்ன் லாக் மூன்றையும் எழுதிவைப்போம். மெயில், ஆத்தென்டிகேட்டர், பணம் அனுப்பும் ஆப் எல்லாம் ஒரே போனில் இருக்கும்போது, அந்தச் சீட்டைப் பார்க்கிற யாரும் எதையும் திறக்கலாம். சாம்சங் போனில் மெயின்டனன்ஸ் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் ஆப்களும் படங்களும் எங்கள் கண்ணில் படாது, நாங்கள் வேலையை மட்டும் பார்ப்போம். டிஸ்பிளே மாற்றவும் சார்ஜிங் போர்ட்டைச் சரிசெய்யவும் ஓடிபி தேவையே இல்லை. கேட்கிற கடையிலிருந்து, அது என் கடையாகவே இருந்தாலும், போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.