விடாத இருமல் – 7: கூவாத கக்குவான்

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். சளியில் காசநோய்க் கிருமி இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் இருமல் நிற்கவில்லை. இந்த வாரம் அப்படி இருமுகிறவர்களுக்காக.

2006 ஏப்ரல் நடுவில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள டார்ட்மவுத்-ஹிட்ச்காக் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவருக்கு இருமல் பிடித்தது. இரண்டு வாரமாகியும் ஓயவில்லை. கூட வேலை பார்த்தவர்களும் இருமினார்கள். கக்குவானாக இருக்குமோ என்று அங்கிருந்த தொற்றுநோய் நிபுணர்களுக்குச் சந்தேகம் வந்தது. பச்சைக் குழந்தைகள் படுத்திருக்கும் இடத்தில் அந்தச் சந்தேகத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஏறத்தாழ ஆயிரம் ஊழியர்களுக்குப் பிசிஆர் சோதனை செய்து, முடிவு வரும்வரை வேலைக்கு வராதீர்கள் என்றார்கள். 142 பேருக்குக் கக்குவான் என்று முடிவு வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டார்கள், தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். ஆள் இல்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில்கூடச் சில படுக்கைகளை மூட வேண்டியதாயிற்று.

எட்டு மாதம் கழித்து ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லாம் பொய்யான பீதி! ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒருவருக்குக்கூடக் கக்குவான் உறுதியாகவில்லை. வந்தது சாதாரணச் சளி இருமலாகத்தான் இருக்க வேண்டும்.

பிசிஆர் ஏன் ஏமாற்றியது? இந்தக் கிருமியின் மரபணுவில் ஒரே துணுக்கு ஐம்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் துணுக்கைத்தான் சோதனை தேடுகிறது. அதனால் துளிக் கிருமி இருந்தாலும் அகப்படும். அந்தத் துணுக்கு வெளியிலிருந்து துளி கலந்தாலும் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடும். சில தடுப்பு மருந்துகளிலேயே அந்த மரபணுவின் சுவடு உண்டு என்பதும், ஊசி போடும் மேசையிலிருந்து அது சோதனைக் குச்சிக்குத் தாவக்கூடும் என்பதும் பின்னால் தெரிய வந்தன. திருடனைப் பிடிக்க வைத்த நாய் வீட்டுக்காரரைக் கடித்த கதைதான்.

இதைப் படித்துவிட்டு, பெரியவர்களுக்குக் கக்குவான் வராது என்று முடிவு கட்ட வேண்டாம். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஆறு நாளோ அதற்கு மேலோ இருமிய 130 மாணவர்களைச் சோதித்தார்கள். நாலில் ஒருவருக்கு அண்மையில் இந்தத் தொற்று வந்துபோனதன் தடயம் இருந்தது. ஒரு பக்கம் இல்லாததை இருக்கிறது என்றார்கள். இன்னொரு பக்கம் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

படாததற்குப் பெயரும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். ‘ஊப்பிங் காஃப்’ என்ற ஆங்கிலப் பெயர் ஓசையிலிருந்து வந்தது. மூச்சு முட்ட இருமிய குழந்தை காற்றை உள்ளே இழுக்கும்போது ‘ஊப்’ என்று கூவுமே, அந்த ஓசை. பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வருவதில்லை. கூவலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் மருத்துவர் நோயைத் தவறவிடுகிறார். நம் பெயரில் இருப்பதோ கக்குதல். அடுக்கடுக்காக இருமி, கடைசியில் சாப்பிட்டதை வெளியே கொண்டுவருவது. பெரியவர்களிடம் தேட வேண்டிய அடையாளங்களில் அதுவும் ஒன்று என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. அடுக்கு இருமலே இல்லையென்றால், அல்லது காய்ச்சல் இருந்தால், பெரும்பாலும் வேறு நோய். இருமி முடித்ததும் குமட்டி வாந்தி வந்தால் சந்தேகம் வலுக்கும். பெயர் வைத்த பாட்டிகள் கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் வெறும் ஜலதோஷம் போலத்தான் இருக்கும். மற்றவர்களுக்குத் தாராளமாகப் பரவுவதும் அப்போதுதான். பிறகு அடுக்கு இருமல். இரவில் அதிகம். இடைப்பட்ட நேரத்தில் ஆள் நன்றாகத்தான் இருப்பார். அதனால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். இருமி இருமி விலா எலும்பு விரிசல் விட்டவர்கள் உண்டு, மயங்கி விழுந்தவர்கள் உண்டு, சிறுநீர் கசிவதை வெளியே சொல்லக் கூசும் பெண்கள் உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் இதற்கு ‘நூறு நாள் இருமல்’ என்று பெயர். அதில் மிகை அதிகமில்லை.

குழந்தையில் ஊசி போட்டோமே என்பீர்கள். போட்டோம். ஆனால் அரசு அட்டவணையில் கக்குவானுக்கான கடைசி ஊசி ஐந்து, ஆறு வயதில். பத்திலும் பதினாறிலும் போடுவது ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும். ஊசியின் பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். நோய் ஒருமுறை வந்து போனாலும் ஆயுளுக்கும் காப்பு கிடையாது.

சோதனையை எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். இருமல் தொடங்கிய முதல் மூன்று வாரத்துக்குள், மூக்கின் பின்புறத்திலிருந்து எடுத்தால்தான் பிசிஆருக்குப் பயன். தொண்டையில் தடவி எடுப்பது போதாது. அசித்ரோமைசின் மாத்திரையும் அப்படியே. ஆரம்பத்தில் கொடுத்தால் நோய் கொஞ்சம் தணியலாம். இருமல் முற்றிய பிறகு கொடுத்தால் பரவுவது நிற்கும், இருமல் தன்பாட்டுக்கு ஓடித்தான் அடங்கும். மருந்துக்கடை டானிக் எத்தனை பாட்டில் காலியானாலும் இதில் மாற்றமில்லை.

பெரியவர்கள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். எனக்குப் பயம், குழந்தை பிறந்த வீட்டில் இருமும் பெரியவரைப் பற்றித்தான். சிசுவுக்கு முதல் ஊசியே ஆறாவது வாரத்தில். அதற்குள் தொற்றினால் சில குழந்தைகள் இருமக்கூடச் செய்யாமல், மூச்சு நின்று நீலம் பாய்ந்துவிடும். கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் தாய் கக்குவானுக்கும் சேர்த்த ஊசி போட்டுக்கொண்டால் எதிர்ப்பாற்றல் பிள்ளைக்கும் போகும். அரசு நிலையத்தில் கர்ப்பிணிக்குப் போடும் ஊசியில் அது இல்லை; தனியார் மருத்துவமனையில் கேட்டுத்தான் போட வேண்டும். பவுடரும் சோப்பும் வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்க வரும் பெரியப்பாவிடம், “எத்தனை நாளாக இந்த இருமல்?” என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

(அடுத்த வாரம்: படுத்தால் மட்டும் வரும் இருமல்)