மூட்டுவாய் மறைதல்

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அச்சிற்பங்கட்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரே மரத்துண்டினின்று உருவத்தைச் செதுக்கியெடுப்பது அங்குள்ளார் கைத்திறன். வேண்டாத மரத்தை நீக்கிக்கொண்டே செல்லும் அத்தொழிலில் மூட்டுவாய் என்னும் தொல்லை எழுவதில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையோ இதற்கு வேறானது. இரு பாதிகளாக அச்சிலெடுத்து, உலர்த்தி, ஒட்டி, ஒட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்த பின்னரே அதற்கு வண்ணம் ஏறும். யாம் ஈண்டு விளக்கப் புகுந்த பிளாஸ்டிக் மாதிரி விமானம் இவ்விரண்டாம் இனத்தைச் சார்ந்தது.

இங்கிலாந்து தேசத்தில் 1939இல் தொடங்கப்பெற்ற ஏர்ஃபிக்ஸ் கம்பெனியார், 1952இல் 'கோல்டன் ஹைண்டு' என்னும் பாய்க்கப்பலைச் சிறு துண்டுகளாக வார்த்து மலிந்த விலைக்கு விற்றனர். அது முதல் இக்கலை உலகெங்கும் பரவலாயிற்று. உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்த, துண்டுகள் யாவும் ஒரு சட்டத்திற் காய்த்த காய்கள்போல் வெளிவருகின்றன. அவற்றை நறுக்கி ஒட்டி வண்ணந் தீட்டுதல் வாங்கினவர் வேலை. வண்ணமே பெருவேலை எனப் பலரும் எண்ணுவர். எம் கருத்து அஃதன்று. வண்ணத்துக்கு முன்னர்ச் செய்யப்படுவதே பெருவேலை.

காரணம் கூறுவாம். நம் விமானப்படையிலிருந்த 'நாட்' என்னும் சிறு போர்விமானத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூரிலும் கட்டப்பெற்ற இவ்விமானம் 1965ஆம் ஆண்டுப் போரிற் புகழ் பெற்றது. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் ஸ்ரீநகர் வானில் இதனைச் செலுத்திப் பொருது உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் சேகோனுக்குப் பரமவீர சக்கரம் அளிக்கப்பெற்றது. இதன் நீளம் ஏறத்தாழ 9 மீட்டர். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு சாணிலும் குறைவு. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். இவ்வளவில் மூட்டுவாயில் அரை மில்லிமீட்டர் வெடிப்பு நின்றதாயின், மெய்யான விமானத்தில் அது 36 மில்லிமீட்டர் ஆகும். இரு விரல் நுழையும் வெடிப்புடன் எந்த வீரரும் வானில் ஏறியிரார். அவர் செலுத்திய விமானத்தின் வடிவைக் காட்டுவோம் என்று தொடங்கிவிட்டு இதனைப் பொருட்படுத்தாது விடுதல் தகாது.

வண்ணம் பூசினால் வெடிப்பு மறையும் என்பது வெறும் நம்பிக்கையே. பூச்சு மிக மெல்லிய தோல். பள்ளத்தை அது நிரப்பாது. அன்றியும், பூசாத பிளாஸ்டிக்கில் சிறிது ஒளி ஊடுருவுவதாலும் நிறம் திட்டுத்திட்டாய் இருப்பதாலும் கண் ஏமாறுகிறது. ஒரே நிறம் பரவியவுடன் ஒளியும் நிழலும் அன்றிக் கண்ணுக்கு வேறு பற்றுக்கோடு இல்லை. மயிரிழைக் கோடும் கரிக்கோடாய்த் தோன்றும்.

தமிழ் பயில்வார்க்கு இதனைப் புணரியல் கொண்டு விளக்குதல் எளிது. நிலைமொழியும் வருமொழியும் மாறுதலின்றிப் பொருந்துவது இயல்பு. தோன்றல், திரிதல், கெடுதல் என்பவற்றுடன் பொருந்துவது விகாரம் என நன்னூலார் வகுத்தார். விமானத்தின் இரு பாதிகள் இயல்பாகப் பொருந்துதல் அரிது. விகாரம் மூன்றும் வேண்டியிருக்கிறது. (இவ்வுவமையை எம் ஆசிரியர் ஏற்பாரோ, அறியோம்.)

திரிதல் பசையின் தொழில். இதற்குரிய நீர்த்த பசை கோந்துபோல் இடையில் நின்று பற்றுவதன்று, பிளாஸ்டிக்கையே கரைப்பது. இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் மூட்டுவாயைத் தொட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் பசை தானே உள்ளோடும். சில விநாடி கழித்து மெல்ல அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் சிறு வரம்பாகப் பிதுங்கும். அதனைத் துடைத்தல் கூடாது. வெடிப்பை அடைக்கும் முதற்பொருள் அதுவே. ஒரு முழுநாள் உலர விட்டு, பின்னர்ச் சீவிவிடலாம். ஆயின் ஒட்டுவதற்கு முன் செய்யத்தக்கவை சில உள. துண்டுகளைச் சவர்க்கார நீரிற் கழுவி அச்செண்ணெயைப் போக்கல் வேண்டும். சட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி நறுக்கி, எஞ்சிய முளையை அரத்தால் தேய்த்தல் வேண்டும். பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்தல் வேண்டும். நாட் விமானத்துக்கு மூக்கின்கீழ் ஒரு சக்கரம் உண்டு; மாதிரியில் வால் கனத்து மூக்கு மேலெழும். ஆகவே மூடுமுன் மூக்கினுள் சைக்கிள் கடைப் பால்ரஸ் குண்டு சிலவற்றை வைத்து ஒட்டுக. மூடியபின் வழியில்லை.

தோன்றலாவது பட்டியிடுதல். எம் ஊராகிய குன்னத்தில் இக்கலைக்கெனத் தனிக்கடை இல்லை; அதனால் குறையொன்றுமில்லை. வண்டிகளுக்கு டிங்கர் வேலை செய்வோர் பூசும் இரு கலவைப் பட்டியே போதும். குழாய் அடைக்கும் எம்-சீலும் உதவும். அது சுருங்காது, ஆனால் தேய்ப்பது கடினம். குழலில் வரும் ஒற்றைப் பட்டி உலருங்கால் சுருங்குமாதலின் இருமுறை இடல் நலம்.

கெடுதலே பொறுமையைச் சோதிப்பது. வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து முதலில் 400, பின்னர் 600, முடிவில் 1000 எண் கொண்டதால் தேய்த்தல் வேண்டும். விரலால் மட்டும் அழுத்தினால் மேடு நிற்கப் பள்ளம் ஆழும். சிறு மரக்கட்டையிற் சுற்றித் தேய்த்தால் மேடு மட்டும் கழியும். விமானத்தின் வளைந்த உடலுக்கு மட்டும் ரப்பர்த் துண்டு ஏற்றது. நனைத்துத் தேய்ப்பது வழவழப்புக்காக மட்டுமன்று. பட்டித்தூள் மூச்சுக்குழலிற் புகாமைக்காகவும் ஆம். விடுதி அறையில் உடனுறைவோர் இருப்பின் உலர்ந்த தூளைக் கிளப்புதல் அவர்க்கும் கேடு. தேய்க்குங்கால் அழிந்த தகட்டுக்கோடுகளை ஊசிமுனையால் மீளக் கீறிக்கொள்ளலாம்.

விமானி இருக்கையின்மேல் வரும் ஒளிபுகும் மூடிக்கு மட்டும் விரைபசை ஆகாது. அதன் ஆவி படிந்து மூடி வெண்மையாய் மங்கும். வெள்ளைப் பெவிக்காலே தக்கது.

இத்தனையும் ஆனபின் சாம்பல்நிறப் பிரைமர் ஒரு கை மெல்லிதாக அடித்து, உலர்ந்தபின் விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்து நோக்குக. எஞ்சிய கோடு ஒளிந்திருக்க இயலாது. தென்பட்ட இடத்தில் மட்டும் சிறிது பட்டி, மீண்டும் 1000, மீண்டும் பிரைமர். இரண்டு மூன்று தடவை இவ்வாறு நேர்தல் வழக்கமே. சாய்ந்த ஒளியிலும் மூட்டுவாய் எங்கேயென விரலே தேடுமாயின், அன்று வண்ணக்குப்பியின் மூடியைத் திறக்கலாம்.